ஆஃப் மைஸ் அண்ட் மென்: அறுப்பு மிஷின் ஏஜென்ட் ஒருவனின் மதிப்புரை

விலை 250 ரூபாய் போட்டிருந்தது. நெல்லை புத்தகத் திருவிழாவில் 10 சதவீதம் கழிவு போக 225-க்கு வாங்கினேன். ஜான் ஸ்டைன்பெக் எழுதி 1937-ல் வந்த ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’, ஆங்கிலத்திலேயே, சாதா அட்டை, நூற்றுச் சொச்சம் பக்கம். கதைக்கு இந்தக் காசு ரொம்பக் குறைவு. இந்தப் பதிப்புக்கு அதிகம்.

பதிப்பின் குறையை முதலில் கொட்டிவிடுகிறேன். தாள் அவ்வளவு மெல்லிசு, பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் நிழலாடுகிறது. நடுவில் நன்றாக விரித்து வைத்தால் பசை விட்டுப் பக்கம் கையோடு வருகிறது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது முன்னுரை. எவரோ ஒரு பேராசிரியர், மூன்றாவது பக்கத்திலேயே கடைசி அத்தியாயத்தில் யார் யாரை என்ன செய்கிறார்கள் என்று போட்டு உடைத்துவிடுகிறார். வாங்குகிறவர்கள் அந்தப் பக்கங்களை ஸ்டேப்ளர் அடித்து மூடிவிட்டு நேரே கதைக்குப் போங்கள். அடிக்குறிப்புகளும் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காகப் போட்டவை. அல்ஃபால்ஃபா என்றால் மாட்டுத்தீவனம் என்பது வரை விளக்கம் இருக்கிறது, நமக்குத் தேவையான டாலர் கணக்குக்கு ஒரு வரி விளக்கம் இல்லை.

நமக்கு என்று சொல்லக் காரணம் உண்டு. எனக்குச் சேரன்மகாதேவி பக்கம் அறுப்பு மிஷின் ஏஜென்ட் வேலை. பாளையங்கோட்டையில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு அப்பா பார்த்த தொழிலுக்கே வந்தவன். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசானம், அதாவது எங்கள் பக்கத்து நெல் போகம், பழுக்கும்போது சேலம் பக்கமிருந்து அறுப்பு வண்டிகள் வரும். தஞ்சாவூர் முடித்து இங்கே, இங்கே முடித்துப் பாலக்காடு, குட்டநாடு. ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர், ஒரு ஹெல்பர். யார் வயலில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று நோட்டில் எழுதி, காசு வசூலித்து, என் கமிஷன் போக மீதியை வண்டிக்காரரிடம் கொடுப்பது என் பிழைப்பு. ஆகவே இந்தப் புத்தகத்தை நான் இலக்கியமாகப் படித்ததைவிடக் கூலிக் கணக்காகப் படித்ததுதான் அதிகம். அப்படிப் படித்தாலும் அது தாங்குகிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கதை இவ்வளவுதான். கலிபோர்னியாவில் சலீனஸ் ஆற்றுப் பக்கம், பண்ணை பண்ணையாகப் போய் வேலை பார்க்கிற இரண்டு பேர். ஜார்ஜ் சின்ன உருவம், சுதாரிப்பு. லென்னி மலை மாதிரி ஆள், புத்தி மட்டும் குழந்தைக்கு உள்ளது. மெதுமெதுவென்று எது கிடைத்தாலும் தடவிக்கொண்டே இருப்பான், தன் கையின் பலம் அவனுக்குத் தெரியாது. வியாழக்கிழமை சாயங்காலம் தொடங்கும் கதை ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடுகிறது.

எடுத்த எடுப்பில் பஸ் டிரைவர் பண்ணை பக்கத்தில்தான் என்று பொய் சொல்லி இறக்கிவிட்டுவிடுகிறான். அங்கிருந்து கிட்டத்தட்ட நாலு மைல் வெயிலில் நடை. ஊருக்குள் போகாமல் பைபாஸிலேயே இறக்கிவிடப்பட்டு, மூட்டையோடு நடந்து வந்து, அதிகாலையில் என் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் எத்தனையோ பேர். ஆகவே அந்தப் பக்கத்திலேயே எனக்கு ஆசிரியர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்து முதலாளி. ஜார்ஜ் லென்னியைப் பேசவே விடுவதில்லை, எல்லாக் கேள்விக்கும் இவனே பதில் சொல்கிறான். முதலாளிக்கு உடனே சந்தேகம்: இவன் சம்பளத்தை நீ அமுக்குகிறாயா? ஒருத்தன் இன்னொருத்தனுக்காக இவ்வளவு மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை என்கிற மாதிரிப் பேசுகிறார். இது வில்லன் பேச்சே இல்லை. என் தொழிலில் இருக்கிற எவனும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு வந்தால், ஒருவன் இன்னொருவனை வைத்துப் பிழைக்கிறான் என்று எங்கள் புத்தி போகும். கூலிக்கு ஊர் ஊராகப் போகிறவனுக்குச் சிநேகிதம் இருப்பதே சந்தேகத்துக்குரிய சங்கதி என்பதை இரண்டு பக்கத்தில் காட்டிவிடுகிறார். வேலை அட்டை எழுதிக் கொடுத்து இவர்களை அனுப்பி வைத்த ஏஜென்சி ஒன்றும் கதையில் வருகிறது. பெயரோடு சரி. எங்கள் இனத்துக்கு அந்த மரியாதை போதும்.

இப்போது கணக்கு. மாதச் சம்பளம் 50 டாலர். அவர்கள் கண் வைத்திருக்கும் இடம் பத்து ஏக்கர், விலை 600 டாலர். முயல் வளர்க்கலாம், தோட்டம் போடலாம், மழை பெய்தால் வேலைக்குப் போகாமல் அடுப்பு மூட்டி உட்காரலாம். இதை ஜார்ஜ் சொல்லச் சொல்ல லென்னிக்கு மனப்பாடம், ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்பான். பண்ணையில் கேண்டி என்று ஒரு கிழவர். மிஷினில் ஒரு கையைப் பறிகொடுத்தவர், நஷ்டஈடு 250 கிடைத்தது. பேங்கில் இன்னும் ஒரு 50, மாதக் கடைசியில் வரவேண்டியது 50. நானும் சேர்ந்துகொள்கிறேன், என் 350-ஐப் போடுகிறேன் என்கிறார். இவர்கள் இரண்டு பேருக்கும் மாதக் கடைசியில் 100. ஆக 450. முக்கால் பங்கு தேறிவிட்டது! நூறு டாலர் அச்சாரம் அனுப்பி இடத்தை உறுதி பண்ணிவிடலாம் என்கிற அளவுக்குப் பேச்சு போகிறது.

கனவு உடைகிற கதைகளில் பெரும்பாலும் கனவு ஆரம்பத்திலிருந்தே எட்டாத உயரத்தில் இருக்கும், படிக்கிறவனுக்கும் அது தெரிந்திருக்கும். இங்கே கூட்டிக் கழித்தால் கணக்கு வருகிறது. அதனால்தான் வயிற்றைப் பிசைகிறது. அதைவிட ஒரு வரி என்னை நிறுத்தியது. 600-க்கு ஏன் கிடைக்கிறது? விற்கிற வயசானவர்கள் நொடித்துப்போனவர்கள், அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கிறது. போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். ஆற்றுப் பாசனத்தில் நல்ல வயல் எப்போது மலிவாக விலைக்கு வரும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஆஸ்பத்திரி செலவு, பிள்ளைக் கல்யாணம் என்றுதான் சொல்வார்கள். ஒருத்தன் கனவு இன்னொருத்தன் கஷ்டத்தில் முளைக்கிறது என்பதை அலட்டாமல் வைத்திருக்கிறார். அடிக்குறிப்புக்காரருக்கு இது கண்ணில் படவே இல்லை.

மனப்பாடக் கனவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு ஜோடி ஞாபகத்துக்கு வருகிறது. பத்தமடைப் பக்கம் ஒரு சேற்று வயல், டயர் வண்டி புதையும், செயின் வண்டிதான் இறங்கும். பனி விழுந்து வைக்கோல் நனைந்துவிட்டால் கட்டரில் சுற்றிக்கொள்ளும் என்று ராத்திரி நிறுத்திவிட்டு, வரப்பில் தார்ப்பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். ஹெல்பருக்கு இருபது வயசு இருக்கும். “அண்ணா, நம்ம வண்டி வந்தா மொதல்ல எந்த ஊருக்கு எடுத்துட்டுப் போறது?” டிரைவர் கண்ணைத் திறக்காமலே சொல்வார்: பழைய வண்டிதான் வாங்குவோம், பச்சை பெயின்ட் அடிப்போம், மொத அறுப்பு நம்மூர்ல காசு வாங்காம. மறுநாளும் அதே கேள்வி, அதே வரிசையில் அதே பதில். அடுத்த பிசானத்துக்கு டிரைவர் வேறொரு பையனோடு வந்தார். “அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போய்ட்டான்” என்றார். புதுப் பையன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கட்டரில் சிக்கிய வைக்கோலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான், எதுவும் கேட்கிற ரகம் இல்லை.

புத்தகத்தின் உச்சம் கடைசி அத்தியாயம் என்பார்கள். எனக்கு மூன்றாவது அத்தியாயம்தான். கேண்டிக்கு ஒரு கிழட்டு நாய், குட்டியிலிருந்து வளர்த்தது, கண் தெரியாது, நாற்றம். கார்ல்சன் என்கிறவன் இதைச் சுட்டுவிடலாம், அதற்கு வலிக்காது என்று நச்சரிக்கிறான். கெட்டவன் இல்லை, நல்லதுக்குச் சொல்வதாகவே நினைக்கிறான். எல்லாரும் மதிக்கிற ஸ்லிம்மும் அதுதான் சரி என்றதும் கிழவருக்கு வேறு வழியில்லை. கார்ல்சன் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறான். இனி வெடிச்சத்தம் கேட்கவேண்டும். கேட்கவில்லை. ஒருவன் சம்பந்தமில்லாமல் எதையோ பேசுகிறான், பேச்சு பாதியில் நிற்கிறது. ஜார்ஜ் சீட்டுக்கட்டைச் சரசரக்கிறான். தரைப் பலகைக்கு அடியில் எதுவோ கொறிக்கிற சத்தம் கேட்கிறது, அத்தனை பேரும் நன்றியோடு அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். கிழவர் கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிறார். உழைக்க முடியாமல் போனவனுக்கு என்ன நடக்கும் என்று அந்த அறையில் இருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் தெரியும், ஒருத்தனும் அதைச் சொல்வதில்லை. இந்த நாலைந்து பக்கத்துக்காக மட்டும் 225 ரூபாய் கொடுக்கலாம்.

குரூக்ஸ் வருகிற இடமும் அதற்குக் குறைந்ததில்லை. கறுப்பர் என்பதால் மற்றவர்கள் படுக்கிற கொட்டடிக்குள் அவருக்கு இடமில்லை. குதிரைச் சாமான் அறையில் தனியாகக் கிடக்கிறார், புத்தகங்கள் வைத்திருக்கிறார், ஆனால் பேச ஆள் இல்லாதவனுக்குப் புத்தகம் உதவாது என்கிறார். இவர்களுடைய நிலக் கனவைக் கேட்டு முதலில் இளக்காரம் செய்கிறார்: தலைக்குள் ஒரு துண்டு நிலத்தோடு வந்த நூற்றுக்கணக்கான பேரைப் பார்த்தாயிற்று, ஒருத்தன் கைக்கும் அது வந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே, கூலி வேண்டாம், நானும் வந்து வேலை பார்க்கட்டுமா என்கிறார். முதலாளி மருமகள் ஒரு மிரட்டு மிரட்டியதும் அந்த ஆசையையும் திரும்ப வாங்கிக்கொள்கிறார். டீக்கடையில் தனி டம்ளர் வைத்த ஊர்களைத் தாண்டி வந்தவர்களுக்கு இந்த அத்தியாயத்துக்குக் கோனார் நோட்ஸ் தேவையில்லை.

அந்த மருமகள் விஷயத்தில்தான் எனக்கு ஆசிரியரோடு சண்டை. முதலாளி மகன் கர்லியின் பெண்டாட்டி என்பதைத் தவிர அவளுக்குப் பெயரே கிடையாது. சினிமாவில் சேர்க்கிறேன் என்று எவனோ சொன்னதை நம்பி, வராத கடிதத்துக்குக் காத்திருந்து, அம்மாதான் ஒளித்துவிட்டாள் என்று முடிவு பண்ணி, கோபத்தில் கல்யாணம் செய்துகொண்டவள். பண்ணையில் அவளைவிடத் தனியான ஆள் இல்லை. ஆனால் அவளை மனசு திறந்து முழுசாகப் பேச விடுவது கடைசியில், கதைக்கு வேண்டிய காரியம் அவளை வைத்து நடக்கப்போகும்போதுதான். அதுவரை பெரும்பாலும் ஆண்கள் சொல்வதை வைத்தே அவளைப் பார்க்கிறோம். லென்னியை எப்போது பார்த்தாலும் கரடி, குதிரை என்று வர்ணிப்பதும் கொஞ்சம் ஓவர்.

தலைப்பு ஸ்காட்லாந்துக் கவி ராபர்ட் பர்ன்ஸ் 1785-ல் எழுதிய கவிதையிலிருந்து வந்தது. உழும்போது ஏர் முனை பட்டு ஓர் எலியின் கூடு கலைந்துபோனதைப் பற்றியது. பிசானம் முடிந்ததும் வரப்பில் எலி வளை வெட்டி, உள்ளே சேர்த்து வைத்திருக்கும் கதிரைக் கூடையில் அள்ளிப்போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எலியின் ஆறு மாதச் சேமிப்பு அரை மணி நேரத்தில் காலி. பர்ன்ஸ் விவசாயி, அவருக்கும் இது தெரிந்திருக்கிறது. ஸ்டைன்பெக்குக்கும் கேள்விஞானம் இல்லை. சின்ன வயசில் பண்ணைகளில் வேலை பார்த்தவர். லென்னி நிஜ ஆள் என்றே 1937-ல் பேட்டி கொடுத்திருக்கிறார். இந்தக் கதையின் கையெழுத்துப் பிரதியில் பாதியை அவர் வளர்த்த நாய்க்குட்டி கடித்துக் குதறி, இரண்டு மாத வேலை போய், திரும்ப எழுதினார். பின்னே, அந்த நாய் அத்தியாயம் நன்றாக வராமல் எப்படி!

மேடையில் அப்படியே போடலாம் என்கிற எண்ணத்தோடு எழுதியது. ஆற்றங்கரை, கொட்டடி, குரூக்ஸ் அறை, வைக்கோல் கொட்டகை, திரும்ப ஆற்றங்கரை, அவ்வளவுதான் இடங்கள். பேச்சுதான் முக்கால்வாசி. பண்ணையாட்களின் கொச்சை ஆங்கிலம் முதல் பத்துப் பக்கம் மிரட்டும். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது பசைக்கும் முன்னுரைக்கும். பழைய புத்தகக் கடையில் வேறு பதிப்பு கிடைத்தால் அதை வாங்குங்கள். டீக்கடையில் ஒரு வயல்காரப் பெரியவருக்கு முழுக் கதையையும் சொன்னேன். நாய் வந்தபோது தலையை ஆட்டினார், கடைசி அத்தியாயத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்: “அது சரி, அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்துதா? அந்தப் பத்து ஏக்கர் கடைசில எவனுக்குடே போச்சு?”

புத்தகத்தில் அது இல்லை.