நான்கு வருடம் நின்ற காரை வாங்கி மூன்று வருடம் ஓட்டிய பிறகு

நான் வாங்கும்போது ஓடோமீட்டரில் 26,400 கிலோமீட்டர்தான் இருந்தது. எட்டு வயதான பெட்ரோல் கார், முதல் உரிமையாளரிடமே இருந்தது, கடைசி நான்கு வருடம் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த பெரியவருக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. விற்க மனம் வராமல் அவருடைய மகன் அதை ஷெட்டில் மூடி வைத்திருந்தார். நான் வாங்கி அடுத்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. மீட்டர் 61,000-ஐத் தாண்டிவிட்டது. வாங்கிய சில வாரங்களில் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஏனென்றால் நின்ற வண்டியின் உண்மையான குறைகள் பெரும்பாலும் நாம் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் வெளியே வருகின்றன.

குறைவாக ஓடிய வண்டி என்றால் எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. பிஸ்டன், கியர் போன்ற இரும்புப் பாகங்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு முக்கியம்தான். ஆனால் ரப்பர், ஆயில், பேட்டரி, பெட்ரோல் இவையெல்லாம் நின்ற இடத்திலேயே வயதாகிவிடும். எட்டு வருட ரப்பர் எட்டு வருட ரப்பர்தான்.

பார்க்கப் போன அன்று அந்த மகன் வேறொரு பேட்டரியும் கேபிளும் தயாராக வைத்திருந்தார். “ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன், இன்ஜின் சத்தத்தை நீங்களே கேளுங்க” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். இந்த வண்டிக்கு நான் செய்த நல்ல காரியங்களில் முதலாவது அதுதான். பல வருடம் நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் முழுக்கக் கீழே வடிந்திருக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் ஒட்டியிருக்கலாம், லேசாகத் துருவும் பிடித்திருக்கலாம். அப்படியே சுழற்றினால் காய்ந்த உலோகம் உலோகத்தில் உரசும். டேங்கில் கிடக்கும் கெட்ட பெட்ரோலும், அதை இன்ஜினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை ஏறிவிடும்.

முதல் வருடம் மட்டும் மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்ததாகவும் சொன்னார். இதைப் பலர் செய்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் இன்ஜின் சூடேறாது. எரியும்போது உண்டாகும் நீராவி ஆயிலுக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் தண்ணீராகத் தங்கிவிடும். சைலன்சரின் பின்பகுதி உள்ளிருந்தே அரித்திருந்ததை ஒரு வருடம் கழித்துப் பார்த்தேன். ஓடவிடுவதென்றால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொடாமல் விடுவதே நல்லது.

சரி, வண்டியை எழுப்பிய விதத்தைச் சொல்கிறேன். மெக்கானிக் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு இரவு அப்படியே வைத்தார். மறுநாள் இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க்கின் முனையில் உள்ள புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றினார். எங்கும் பிடிக்காமல் சுற்றியது. அதுவரை எனக்கு மூச்சே சரியாக வரவில்லை. டேங்கில் இருந்து வடித்த பெட்ரோல் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது, வார்னிஷ் வாடை அடித்தது. பெட்ரோலில் லேசாக ஆவியாகும் பகுதி போய்விட்டால் மிச்சம் பிசினாக மாறும். எத்தனால் கலந்திருந்தால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீர் தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ஃபியூயல் பம்ப்பின் வடிகட்டியில் அந்தப் பிசின் அடைத்திருந்தது. பம்ப்பை மாற்றினோம், இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை இன்ஜினைச் சுழற்ற மட்டும் விட்டோம். அதன் பிறகே பிளக்கையும் ஃபியூஸையும் பொருத்தி ஸ்டார்ட் செய்தோம். மூன்றாவது முறை பிடித்தது. அந்த ஆயிலை 500 கிலோமீட்டரிலேயே வடித்து மறுபடி புதிது போட்டேன்.

டயர்களைப் பார்த்தால் பட்டன் (தரையில் படும் பள்ளமும் மேடும்) ஆழமாக, புதிது போலவே இருந்தன. பக்கச் சுவரில் உள்ள உற்பத்திக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 1214. அதாவது 2014-இன் 12ஆவது வாரத்தில் செய்தது. வண்டியோடு வந்த டயர்கள்தான். பக்கவாட்டில் முடிபோல வெடிப்புகள். ஐந்தையும் மாற்றினேன். இதில் யோசிக்க எதுவுமே இல்லை.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டபடியே நான்கு வருடம் நின்றதால் பின்சக்கரம் ஒன்றில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டு, தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அது கண்ணுக்குத் தெரிந்த பிரச்சினை. கண்ணுக்குத் தெரியாதது முன்பக்கக் காலிப்பரில், அதாவது டிஸ்க்கின் மேல் பிரேக் பேடை அழுத்தும் பாகத்தில் இருந்தது. இரண்டாவது வாரம் இருபது கிலோமீட்டர் போய் நிறுத்தியபோது இடது முன்சக்கரம் மட்டும் கருகல் வாடை அடித்தது, அருகே கை வைத்தால் அனல். காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் துருப்பிடித்துத் திரும்ப வராமல் பிடித்துக்கொண்டிருந்தது. நின்ற வண்டியை வாங்குகிறவர்கள் முதல் சில வாரம் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையை வைத்துச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரேக் ஆயிலையும் முழுதாக மாற்றியாக வேண்டும். அது ஈரத்தை இழுக்கும் திரவம். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் அது கொதித்துக் குமிழி விடும், பெடல் தரையோடு போய்விடும். எட்டு வருட பிரேக் ஆயிலோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலையில் இறங்குவதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு பொருத்தி இயக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் இதே கதைதான். கிலோமீட்டர், வருடம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்வார்கள். அது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி எல்லாம் போய்விடும். வாட்டர் பம்ப்போடு சேர்த்து முதல் வாரமே மாற்றிவிட்டேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்றாவது மாதத்தில் இருந்து கசிவுகள் தொடங்கின. முதலில் வால்வு கவர் கேஸ்கெட். ஐந்தாவது மாதம் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருந்து ஆயில் சொட்டியது. கிராங்க்கின் பின்பக்க சீல். கியர்பாக்ஸை இறக்காமல் அதைத் தொட முடியாது. இறக்கியதே இறக்கியாயிற்று என்று கிளட்ச் பிளேட்டையும் சேர்த்து மாற்றினேன். எட்டாவது மாதம் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் பிளந்தது. நல்லவேளையாக வீட்டுக்குப் பக்கத்தில். அப்புறம் ஏசி கம்ப்ரஸர் சீலில் கேஸ் போனது. ஆயில் படாமல் நின்ற சீல்கள் காய்ந்து இறுகிவிடுகின்றன. குளிர்ந்து கிடக்கும்போது கசியாது. தினமும் சூடும் அழுத்தமும் வந்து, தண்டு சுழல ஆரம்பித்ததும் விட்டுக்கொடுக்கும். அதனால்தான் வாங்கும் நாளில் காய்ந்த தரையைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அந்த மாதங்களில் தவறு செய்துவிட்டேனோ என்று பல இரவு தூக்கம் வராமல் யோசித்திருக்கிறேன்.

எலியை மறந்துவிட்டேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் பஞ்சும் துணியுமாகக் கூடு இருந்தது, அதை முதல் நாளே எடுத்துவிட்டோம். வயரிங்கையும் பார்த்தோம். ஆனாலும் மழை பெய்தால் மட்டும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தது. மூன்று முறை கொண்டுபோன பிறகுதான் ஒரு சென்ஸர் வயரின் மேலுறை கடிபட்டிருப்பது கிடைத்தது.

முதல் வருடச் செலவு வண்டியின் விலையில் கிட்டத்தட்ட 40 சதவீதம் ஆனது. இரண்டாவது வருடம் வழக்கமான சர்வீஸ் மட்டும். மூன்றாவது வருடமும் அப்படியே. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சமமாக இருக்கிறது, கியர் வெண்ணெய் போல விழுகிறது, ஆயில் குறைவதில்லை. அந்தக் குறைந்த கிலோமீட்டரின் பலன் இப்போதுதான் கைக்கு வருகிறது.

மறுபடியும் இப்படி ஒரு வண்டியை வாங்குவேன். ஆனால் எத்தனை வருடம் நின்றது என்பதைவிட எங்கே நின்றது என்று முதலில் கேட்பேன். இது கூரைக்குக் கீழே சிமென்ட் தரையில் நின்றது. அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், மேலோட்டமான துருவைத் தவிர எதுவும் இல்லை. மண்ணிலோ புல்லிலோ நின்றிருந்தால் ஈரம் கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். அடித்தகடும் பிரேக் பைப்பும் அரித்துப்போன வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் தொடமாட்டேன். விலை பேசும்போது டயர், பேட்டரி, பெல்ட், எல்லாத் திரவங்கள், பிரேக் வேலை இவற்றை உறுதியான செலவாகக் கழித்துவிட்டுப் பேசுங்கள். கசிவுகளுக்கு என்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, முதல் வருடம் முழுக்க மாதம் ஒருமுறை வண்டிக்கு அடியில் பாருங்கள். அந்த வருடத்தில் இது ஒன்றையே நம்பி இருக்கும் நிலையில் நீங்கள் இருந்தால் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

கதவு ஓர ரப்பர்களையும் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டையும் மட்டும் நான் இன்னும் மாற்றவில்லை. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசான அதிர்வு தெரிய ஆரம்பித்திருக்கிறது. அடுத்த சர்வீஸில் மவுண்ட்டைப் பார்த்துவிட வேண்டும்.