கேமராவோடு விளையாட்டரங்கத்துக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

"கேமராவுக்கு அனுமதி உண்டு" என்று அரங்கத்தின் இணையதளத்தில் போட்டிருப்பதை மட்டும் நம்பி கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போகாதீர்கள். அந்த வரி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வாசலில் பையைச் சோதிக்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவருடைய மேற்பார்வையாளர் அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அரங்கத்தை வாடகைக்கு எடுத்தவர்கள் வேறு விதி போடாமல் இருக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் டிக்கெட்டும் கையுமாக வெளியே நிற்பீர்கள். போன வாரம் நான் நின்றேன்.

உள்ளரங்கத்தில் கூடைப்பந்து ஆட்டம். டிக்கெட் வாங்குவதற்கு முன்பே தளத்தில் விதிகளைப் படித்துவிட்டேன். சொந்த உபயோகத்துக்குக் கேமரா கொண்டுவரலாம், லென்ஸ் 6 இன்ச்சுக்குள் இருக்க வேண்டும், டிரைபாட், மோனோபாட் (கேமராவைத் தாங்கும் கால்கள்), ஃபிளாஷ், வீடியோ கூடாது. தெளிவாகத்தான் இருந்தது. என்னிடம் இருப்பது லென்ஸைக் கழற்றி மாட்டும் வகையான சின்ன மிரர்லெஸ் கேமரா, அதில் 85 மி.மீ. லென்ஸ். (இந்த மி.மீ. லென்ஸின் நீளம் இல்லை, எவ்வளவு தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் என்பதைக் காட்டும் எண்.) ஸ்கேல் வைத்து அளந்தால் ஹூட் (முன்னால் மாட்டும் வெளிச்ச மறைப்பு) இல்லாமல் 4 இன்ச்கூட வராது. இருந்தாலும் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். "தளத்தில் இருப்பதுதான் சார் விதி, தாராளமாகக் கொண்டுவாருங்கள்" என்றார்கள். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன விசாரிக்க முடியும்?

வாசலில் பையைத் திறந்த பையன் கேமராவைப் பார்த்ததும் தலையை ஆட்டினான்.

"சார், இது உள்ளே போகாது."

"ஏன் தம்பி?"

"லென்ஸ் கழட்டுற கேமரா சார். ப்ரொஃபஷனல்."

போனில் தளத்தைத் திறந்து 6 இன்ச் விதியைக் காட்டினேன். பார்த்தான், மரியாதையாகவே பார்த்தான். "எனக்குத் தெரியாது சார், காலையில எங்களுக்குச் சொன்னது இதுதான்" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்றைக்குக் காலையில் ஐந்து நிமிடம் எதையோ சொல்லி நிறுத்திவைத்திருப்பார்கள். மேற்பார்வையாளர் வந்தார். அவர் சொன்னது வேறு: "நீங்க காட்டுறது அரங்கத்தோட விதி சார். இன்னைக்கு ஆட்டம் நடத்துறவங்க வேற ஆளுங்க. அவங்க எந்தக் கேமராவும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

ஆக, ஒரே வாசலில் இரண்டு விதி. ஒருவருக்கு லென்ஸ் கழற்ற முடிந்தால் தப்பு, இன்னொருவருக்குக் கேமராவே தப்பு. நடத்துகிறவர்களின் விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. டிக்கெட்டில் இருந்தது ஒரே ஒரு வரி: பதிவு செய்யும் கருவிகள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அந்தக் கட்டுப்பாடு என்ன என்று டிக்கெட் சொல்லவில்லை.

பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது, வண்டியில் போய் வைத்துவிட்டு வந்தால் மறுபடி வரிசையின் கடைசி. "அங்க கொடுத்துட்டுப் போங்க சார், பத்திரமா இருக்கும்" என்று ஒரு மேசையைக் காட்டினார்கள். இங்கேதான் ஏமாற்று வேலை ஆரம்பிக்கிறது. கட்டணம் கேட்டார்கள், கொடுத்தேன். பதிலுக்கு ஓர் எண் எழுதிய அட்டை, அவ்வளவுதான். அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் "பொருட்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல". பொறுப்பில்லை என்றால் கட்டணம் எதற்கு? பையைச் சேர்த்து வைக்க அனுமதி இல்லை என்று சொல்லி, கேமராவை மட்டும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மற்றவர்களுடைய பவர்பேங்க், தண்ணீர் பாட்டில்களோடு போட்டார்கள். நல்லவேளை, கொடுப்பதற்கு முன் மெமரி கார்டையும் பேட்டரியையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கேமராவின் சீரியல் எண் தெரியும்படி போனில் படமும் எடுத்துவைத்தேன். மேசைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. எனக்கு முன்வரிசையில் ஒருவர் சூப்பர்ஜூம் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். 600 மி.மீ. வரை இழுக்கக்கூடிய வகை. எப்படி விட்டார்கள் என்று கேட்டேன். வேறு வாசல் வழியாக வந்தாராம், "இதுல லென்ஸைக் கழட்ட முடியாதே சார், அதனால விட்டுட்டாங்க" என்று சிரித்தார். அவர்மேல் வருத்தமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். என்னுடைய 85 மி.மீ. லென்ஸை விட ஏழு மடங்கு தூரம் இழுக்கும் கருவி உள்ளே, என்னுடையது டப்பாவில்.

லென்ஸ் கழற்றுவதை வைத்து விதி போடுகிறவர்களுக்கு ஒன்று புரியவில்லை. சோனி ஆர்எக்ஸ்10 4ஆம் பதிப்பு என்ற கேமரா 24 முதல் 600 மி.மீ. வரையான லென்ஸுக்குச் சமமாக இழுக்கும். நிக்கான் பி1000 இன்னும் மேலே, 3000 மி.மீ. வரை. எடை கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ. இரண்டிலும் லென்ஸ் கேமரா உடலோடு சேர்ந்தது, கழற்ற முடியாது. அந்த விதிப்படி இவை உள்ளே போகலாம், விரல் நீள 35 மி.மீ. லென்ஸ் போட்ட கேமரா போக முடியாது. இன்ச் விதியிலும் இதே குழப்பம்தான். நிறைய வெளிச்சம் வாங்கும் 70-200 மி.மீ. எஃப்2.8 லென்ஸ்கள் பெரும்பாலும் 8 இன்ச் அருகில் இருக்கும், 6 இன்ச் விதியில் மாட்டிக்கொள்ளும். அதைவிடத் தூரம் இழுக்கும் சில 70-300 லென்ஸ்கள் மூடிய நிலையில் 6 இன்ச்சுக்குள் அடங்கிவிடும். ஜூம் செய்தால் நீளும், ஆனால் வாசலில் யார் ஜூம் செய்து பார்க்கிறார்கள்? இன்ச் என்றால் மூடிய நீளமா, விரித்த நீளமா, ஹூடோடு சேர்த்தா, அதையும் எழுத மாட்டார்கள்.

ஆட்டம் முடிந்து மேசைக்குப் போனால் பெரிய கூட்டம், யாருடைய டப்பா எது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். என் கேமரா திரும்பி வந்தது. லென்ஸின் முன்னால் மாட்டியிருந்த ஃபில்டர் கண்ணாடியில் விரிசல், ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். அங்கேயே எழுதித் தரச் சொன்னேன், தரவில்லை. மறுநாளிலிருந்து அலைச்சல். மேசை வெளி ஒப்பந்தக்காரருடையது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது அரங்கம். வாசல் ஏற்பாடு அரங்கத்துடையது என்றார்கள் ஆட்டம் நடத்தியவர்கள். டிக்கெட் விற்ற நிறுவனமோ விதிமுறைகள் முன்னறிவிப்பின்றி மாறலாம் என்ற பத்தியை ஒட்டி அனுப்பிவிட்டது.

சரி, கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. காரணங்கள் நியாயமானவை. ஒளிபரப்பு உரிமையும் படங்களின் உரிமையும் பெரிய பணம் கொடுத்து வாங்கப்பட்டவை. குறுகலான சமநிலைக் கட்டையின் மேல் சுழலும் ஜிம்னாஸ்டிக் வீராங்கனையின் கண்ணில் ஃபிளாஷ் அடித்தால் ஆபத்து. பெரிய லென்ஸ் பின்னால் இருப்பவரின் பார்வையை மறைக்கும். ஆனால் இதையெல்லாம் தெளிவாக எழுதிவைத்து நடத்துகிற இடங்களும் உண்டு. விம்பிள்டன் டென்னிஸில் 300 மி.மீ.க்கு மேல் இழுக்கும் லென்ஸ் கொண்டுவரக் கூடாது, ஒரே வரி, முடிந்தது. 2015இல் செல்ஃபி குச்சியையும் அங்கே தடை செய்தார்கள், அதையும் முன்கூட்டியே சொன்னார்கள். அமெரிக்காவின் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் திங்கள் முதல் புதன் வரை பயிற்சி நாட்களில் கேமரா எடுத்துப் போகலாம், வியாழக்கிழமை போட்டி தொடங்கியதும் கூடாது. செல்போன் எந்த நாளும் கூடாது. கடுமையான விதிதான், ஆனால் போகிற எல்லோருக்கும் முன்பே தெரியும். ஃபிஃபா உலகக் கோப்பைகளின் அரங்க நடத்தை விதிகளில் சொந்த உபயோகத்துக்குக் கேமராவும் ஒரே ஒரு செட் மாற்று பேட்டரியும் கொண்டுவரலாம் என்று எழுதியிருந்தார்கள். பேட்டரிவரை யோசித்து எழுத முடிகிறது, பாருங்கள்.

பையிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் 2013இல் ஒளி ஊடுருவும் பை விதியைக் கொண்டுவந்தது: 12 இன்ச், 6 இன்ச், 12 இன்ச் அளவுக்குள் தெளிவான பிளாஸ்டிக் பை. அங்கே கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகலாம், ஆனால் கேமராப் பைக்கு இடமில்லை. இதேபோன்ற பை விதி இப்போது பல அரங்கங்களில் இருக்கிறது. கேமரா விதியைப் படித்துவிட்டு, தனிப் பக்கத்தில் கிடக்கும் பை விதியைப் படிக்காமல் போனவர்கள் பையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள்.

புகார் எழுதும்போது எனக்கு உதவியாக இருந்த ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். 1916, இங்கிலாந்து. ஒரு நாய்க் கண்காட்சியில் படம் எடுக்கும் முழு உரிமையையும் ஒரு புகைப்பட நிறுவனம் வாங்கியிருந்தது. வேறொருவர் உள்ளே போய்ப் படம் எடுத்தார், ஒரு பத்திரிகை அதை வெளியிட்டது. நிறுவனம் வழக்குப் போட்டுத் தோற்றது, அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் தோற்றது. கண்ணுக்குத் தெரியும் காட்சிக்குச் சொத்துரிமை கிடையாது, படம் எடுக்கக் கூடாது என்றால் அனுமதிக்கும்போதே அதை நிபந்தனையாகப் போட்டிருக்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். 1937இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் குதிரைப் பந்தய வழக்கொன்றில், காட்சிக்குச் சொத்துரிமை இல்லை என்றே சொன்னது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அரங்கக்காரர்களுக்கு ஆளை உள்ளே விடாமல் இருக்கும் உரிமையும் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய பலம் முழுக்க நிபந்தனையில்தான் நிற்கிறது. டிக்கெட் விற்கும்போது ஒரு நிபந்தனையைக் காட்டிவிட்டு வாசலில் வேறொன்றைச் சொன்னால், அதைக் கேள்வி கேட்கலாம். என் புகாரின் முதல் பத்தியே அதுதான்.

இனி போகிறவர்கள், அரங்கத்தின் பொதுவிதியோடு நிற்காமல் அந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தின் பக்கத்தையும், நடத்துகிறவர்களின் தளத்தையும் பாருங்கள். ஒரே கட்டடத்தில் இன்றைக்குக் கூடைப்பந்து, நாளைக்கு ஐஸ் ஹாக்கி, மறுநாள் கச்சேரி, மூன்றுக்கும் மூன்று விதி இருக்கும். போனில் கேட்டதற்கு வாசலில் மதிப்பில்லை. மின்னஞ்சலில், உங்கள் கேமரா பெயர், லென்ஸ் பெயரும் நீளமும் போட்டு, ஆட்டத்தின் தேதியையும் சொல்லிக் கேளுங்கள். பதில் வந்தால் அதை அச்செடுத்துக் கையில் வையுங்கள், கூட்டத்தில் போன் சிக்னல் படுத்துவிடும். டிக்கெட் வாங்கும் நாளில் விதிப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு அது சத்தமில்லாமல் மாறும். வாசலில் மறுத்தால் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லி, அவர் பதவியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு மேசையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மாடல் பெயரோடு ரசீது கேளுங்கள். தராவிட்டால் வண்டிக்கே திரும்பி நடங்கள், முதல் பாதி போனாலும் பரவாயில்லை. திரும்ப வாங்கும்போது மேசையை விட்டு நகர்வதற்கு முன் பேட்டரியைப் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள், ஜூமையும் ஃபோகஸையும் திருப்பிப் பாருங்கள்.

அப்புறம், வாசலில் நிற்கும் பையன்களிடம் கத்தாதீர்கள். விதியை எழுதியவர் அங்கே இருக்க மாட்டார்.

என் விஷயத்தில், பழுது பார்க்கும் கடையிலிருந்து எழுத்தில் மதிப்பீடு வாங்கி, சீரியல் எண் படம், அட்டை, ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் மூன்று தரப்புக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். ஒருவர் சொல்வதை மற்றவர் பார்க்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். அதற்குப் பிறகு அரங்கத்திலிருந்து, அடுத்த டிக்கெட்டுக்குத் தள்ளுபடி தருகிறோம் என்று ஒரு பதில் வந்தது. வேண்டாம், பழுதுக்கான பணம் போதும் என்று எழுதியிருக்கிறேன். நுகர்வோர் குறைதீர்ப்புக்குப் போகத் தேவையான காகிதங்களும் தயார். முடிவு தெரிந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.