விலக்கப்பட்ட கனி: நான்கு விளக்கங்கள், ஒரே உரைகல்

ஏதேன் தோட்டத்தில், தின்றால் சாவாய் என்று கடவுள் ஆதாமுக்கு விலக்கிய மரத்துக்கு பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் தரும் முழுப்பெயர் 'நன்மை தீமை அறியத்தக்க விருட்சம்'. பேச்சுவழக்கில் அது 'அறிவு மரம்' என்று சுருங்கிவிட்டது. 'மனிதனுக்கு அறிவே கூடாது என்றார் கடவுள்' என்ற வாதமும் அந்தச் சுருக்கத்திலிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் கனியைத் தொடுவதற்கு முன்பே ஆதாம் தோட்டத்தைப் பண்படுத்துகிறான் (2:15), மிருகங்களுக்கெல்லாம் பெயரிடுகிறான் (2:20). அறிவில்லாதவன் செய்யும் வேலையா அது? விலக்கப்பட்டது எந்த அறிவு என்பதுதான் கேள்வி.

(கனி ஆப்பிள் என்று மூலத்தில் எங்கும் இல்லை. லத்தீனில் ஆப்பிளுக்கும் தீமைக்கும் ஏறக்குறைய ஒரே சொல் என்பது அந்தக் கற்பனைக்கு உதவியது. யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதில் திராட்சை, அத்தி, கோதுமை என்று மூன்று கட்சி.)

எந்த விளக்கத்தை எடுத்தாலும் 3:22-இல் உரசிப் பார்க்க வேண்டும். கனியைத் தின்ற பிறகு கடவுளே சொல்கிறார்: 'மனுஷன் நன்மை தீமை அறியத்தக்கவனாய் நம்மில் ஒருவரைப்போல் ஆனான்.' 'சாகமாட்டீர்கள், தேவர்களைப்போல் ஆவீர்கள்' என்று ஏவாளிடம் பாம்பு சொன்னதில் இந்தப் பாதி பலித்துவிட்டது. 'நன்மை தீமை அறிதல்' என்ற இடத்தில் நம் விளக்கத்தை வைத்தால் இந்த வசனம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

முதல் விளக்கம்: 'நன்மை தீமை' என்றால் 'எல்லாம்'. 'சொந்தக்காரங்க வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகணும்' என்று நாம் சொல்லும்போது இரண்டு முனைகளைச் சொல்லி முழுவதையும் குறிக்கிறோமே, அதே உத்தி மூலமொழியான எபிரெயத்திலும் உண்டு. அப்படியானால் கனி தந்தது சகலமும் அறியும் ஞானம். 3:22-இல் பொருந்துகிறது, கதையில் பொருந்தவில்லை. எல்லாம் தெரிந்தவர்கள் அத்தியிலையைத் தைத்துக் கட்டிக்கொண்டு மரங்களுக்குள்ளே போய் ஒளியமாட்டார்கள்.

இரண்டாவது, பாலுறவு அறிவு. ஆதரவு குறைவில்லை: நிர்வாணம், வெட்கம், 4:1-இல் 'ஆதாம் ஏவாளை அறிந்தான்' என்ற அதே வினை. சாக்கடல் அருகே கிடைத்த பழைய யூதச் சுவடிகளான கும்ரான் சுருள்களில் ஒன்று, 20 வயதாகி நன்மை தீமை அறியும்வரை ஆண் பெண்ணிடம் சேரக்கூடாது என்கிறது. இடைக்கால யூத உரையாசிரியர் இப்னு எஸ்ராவும் இந்தப் பக்கம்தான். ஆனால் உரைகல்லில் தோற்கிறது. 'நம்மில் ஒருவரைப்போல்' என்பதற்கு இங்கே என்ன பொருள்? இந்தக் கதையின் கடவுளுக்குத் துணைவி இல்லை. தவிர, 'ஒரே மாம்சமாயிருப்பார்கள்' என்ற வசனம் (2:24) கனிக்கு முன்பே வந்துவிடுகிறது.

மூன்றாவதுதான் பலமான போட்டி: குழந்தைப்பருவம் தாண்டி விவரம் தெரிதல். 'நல்லது கெட்டது தெரியாத பிள்ளை' என்று நாம் சொல்வதை உபாகமம் 1:39 அப்படியே சொல்கிறது. மறுமுனையில், 80 வயது பர்சிலா 'இனி எனக்கு நல்லது கெட்டது தெரியுமா' என்று தாவீதிடம் கேட்கிறார் (2 சாமுவேல் 19:35). இரண்டாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ ஆயர் ஐரேனியஸ் ஆதாம் ஏவாளைப் பிள்ளைகளாகப் பார்த்தார். சொல்வழக்குச் சான்றில் இதை மிஞ்ச எதுவுமில்லை. இடறும் இடம் ஒன்று: வளர்வதற்கு ஏன் மரண தண்டனை? வளர்ந்தவர் எல்லோரும் கடவுளைப் போலவா?

நான் சாய்வது நான்காவதன் பக்கம். எது நல்லது, எது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தைத் தானே எடுத்துக்கொள்வது. இதற்கு ஒரே ஒரு சொல்லைப் பின்தொடர்ந்தால் போதும்: 'தோவ்', அதாவது நல்லது. முதல் அதிகாரத்தில் கடவுள் 'நல்லது என்று கண்டார்' என்பது 7 முறை வருகிறது. 2:18-இல் மனிதன் தனிமையாயிருப்பது நல்லதல்ல என்று தீர்ப்பவரும் அவரே. 3:6-இல்தான் முதன்முறையாக வேறொருவர் 'காண்கிறார்': மரம் புசிப்புக்கு நல்லது என்று ஏவாள் கண்டாள். அதே வினை, அதே சொல். அவள் கண்டது பொய்யும் அல்ல. பார்வைக்கு அழகு, புசிப்புக்கு நலம் என்று தோட்டத்து மரங்களைப் பற்றி 2:9 ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. அவளாகச் சேர்த்தது மூன்றாவது ஒன்று: 'புத்தியைத் தெளிவிக்கிறதற்கு'. மாறியது மரம் அல்ல, தீர்ப்புச் சொல்லும் ஆள். இதை வைத்து 3:22-ஐப் படித்தால் தடங்கலே இல்லை.

சாலொமோன் அரசனின் கதை இதற்கு இன்னொரு தாங்கல். நன்மை தீமையை வகையறுக்கும் மனதை அவன் கேட்டு வாங்குகிறான் (1 இராஜாக்கள் 3:9). கடவுள் மகிழ்ந்து கொடுக்கிறார். பொருள் விலக்கப்பட்டதில்லை, பறித்த விதம்தான்.

ஓட்டைகளும் உண்டு. மரத்தின் பெயரில் உள்ள எபிரெய வினை 'யாதா' அறிதலைத்தான் குறிக்கும். 'தீர்மானித்தல்' என்பது நாம் நீட்டுவது. சாலொமோன் வசனத்திலும் வேறு வினை. முதல் அதிகாரமும் ஏதேன் கதையும் வெவ்வேறு மூலங்கள் என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து, ஆகவே அந்த 7 முறையை அதிகம் அழுத்தக்கூடாது. 2:18-உம் 3:6-உம் ஒரே கதைக்குள் இருப்பதே எனக்குப் போதும். குர்ஆனுக்கு இந்த அலசலை நீட்டவும் முடியாது. அங்கே ஷைத்தான் காட்டுவது நித்திய வாழ்வின் மரம் (20:120), அறிவின் மரமல்ல.

தமிழில் நழுவிப்போகும் ஒன்று: 2:25-இல் 'நிர்வாணிகள்' என்பது எபிரெயத்தில் 'அரும்மிம்', அடுத்த வசனத்தில் பாம்பின் 'தந்திரம்' 'அரூம்'. ஒலி ஏறக்குறைய ஒன்றே. சாமர்த்தியத்தைத் தேடியவர்கள் கண்கள் திறந்து பார்த்தது நிர்வாணத்தை. அதைத் தப்பு என்று கடவுள் எங்கும் சொல்லவில்லை. அவர்களாகவே கொடுத்த முதல் தீர்ப்பு அது. அதனால்தான் 3:11-இல் அவர் கேட்கிறார்: 'நீ நிர்வாணி என்று உனக்கு அறிவித்தவன் யார்?'