கோண்டாவில் கராஜில் எங்கள் மொரிஸ் மைனர்

எங்கள் மைனர் 1959ஆம் ஆண்டு, நாலு கதவு. அப்பா வாங்கியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின வண்டி. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அம்மம்மாவையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டினதும் அதிலேதான். அதனால் தகர வேலைக்கு யாரிடம் கொடுப்பது என்பது எனக்குச் சின்ன விசயம் இல்லை.

முதலில் வேறொரு கராஜில் கொடுத்துக் கை சுட்டது. வரும்போது பெயின்ற் பளபளவென்றுதான் இருந்தது. மூன்று மாதத்தில் கதவு ஓரமெல்லாம் வெடிப்பு. கோணல் இடைவெளியைத் தகரத்தில் திருத்தாமல் பெயின்றுக்கு முதல் பூசுகிற பட்டிப் பசையை அப்பி மூடியிருக்கிறார்கள். தட்டி எடுத்த துண்டு என் சின்ன விரல் தடிப்பு.

இந்தக் கராஜ் கோண்டாவிலில், பலாலி வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கை ஒன்றில். பெயர்ப்பலகை இல்லை, வேப்பமரத்துக்குக் கீழே ஒரு கொட்டில், வேலை செய்கிற அண்ணை, உதவிக்கு ஒரு பெடியன். அண்ணை கதவைத் தொடவே இல்லை. குனிந்து அடியைப் பார்த்தார். நடு அடியில் ஜக் கொடுத்து மெல்ல உயர்த்தினார். முன்கதவின் பின் மேல் மூலையில் இடைவெளி என் கண் முன்னாலேயே விரிந்தது.

"பாத்தீங்களோ தம்பி? கதவுக்குக் கீழ ஓடுற அடித்தகரம், சில் எண்டிறது, அதைக் கறள் திண்டிட்டுது. இதுக்கு அடிச்சட்டம், தனிச் சசி இல்லை, வண்டியின்ர பொடிதான் பாரம் தாங்குது. அடியைக் கட்டாமல் கதவை நேராக்கிப் பிரயோசனமில்லை."

கதவுகளைப் பூட்டி வைத்தபடியேதான் புதுச் சில் தகரத்தை வெல்டிங் பண்ணி ஒட்டினார். கழற்றிவிட்டு ஒட்டினால் கதவு வாசல் சுருங்கினாலும் விரிந்தாலும் தெரியாதாம். பிறகு எஞ்சின், சீற் எல்லாம் உள்ளே வைத்து, நாலு ரயரும் சமதரையில் நிற்க வேலை தொடங்கினது. முதலில் பின்கதவு, ஏனென்றால் அதற்குப் பின்னால் உள்ள பொடி அசையாது. அதைப் பார்த்து முன்கதவு. முன்கதவைப் பார்த்து முன் மட்காட். கடைசியாகப் பொனற். பூட்டு விழுகிற கொளுவியைக் கழற்றி வைத்துவிட்டார்; அது இருந்தால் தொங்குகிற கதவையும் தூக்கிப் பிடித்து எங்களை ஏமாற்றுமாம். 4 மில்லிமீற்றர் துளை ஊசியின் மழுங்கின பக்கத்தை இடைவெளிக்குள் மேலிருந்து கீழே இழுத்துப் பார்ப்பார். இறுகுகிற இடத்தில் சோக்குக்கோடு. பிணைச்சலுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு வைப்பார், மறுபடி இழுப்பார். ஒரு கதவுக்கே அரை நாள் போனது. அலுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் வாங்கிக் கொடுத்த புது மட்காட்டின் ஓட்டைகள் பொருந்தவில்லை. அதற்காகத் தகரத்தை நெரித்துப் பூட்டவில்லை. ஓட்டைகளை அராவி நீளமாக்கி, மட்காட்டுக்கும் பொடிக்கும் நடுவில் வருகிற பீடிங் பட்டியும் வைத்து அளவு பார்த்தார். கதவு ரபரும் அப்படித்தான், பெயின்றுக்கு முதலே போட்டுப் பார்த்தார். புது ரபர் கதவை வெளியே தள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று. எல்லாம் சரிவந்த பிறகு பிணைச்சலையும் தகரத்தையும் சேர்த்து இரண்டு சின்னத் துளை போட்டார். பெயின்ற் அடித்துத் திரும்பப் பூட்டும்போது அந்தத் துளைகளில் ஆணி விட்டால் கதவு பழைய இடத்திலேயே வந்து நிற்கும். நின்றது.

குறை சொல்லத்தான் வேண்டும். ஆறு கிழமை என்றார், பதின்மூன்று ஆனது. மாரி மழையில் ஒட்டு வேலை நின்றதை ஏற்றுக்கொள்ளலாம். போன் எடுக்காததை ஏற்க முடியாது. கேட்டால்தான் கணக்கு எழுதித் தருவார். கூலி, தகரம் எல்லாம் சேர்த்து 2 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா, பெயின்ற் வேறு. அவசரக்காரர்கள் போக வேண்டாம். பீடிங்கும் ரபரும் முதலே தேடி எடுத்துக்கொண்டு போங்கோ, இல்லாவிட்டால் இன்னும் இழுபடும்.

1948இல் மைனர் வெளிவருவதற்குக் கொஞ்சம் முதல்தான் அதை வடிவமைத்த இசிகோனிஸ் வண்டியை 4 அங்குலம் அகலமாக்கினார். பொனற் நடுவில் ஓடுகிற தட்டைப் பட்டி அதனால் வந்தது. அண்ணை அந்தப் பட்டியை நடுக்கோடாக வைத்துத்தான் பொனற்றைப் பூட்டினார். இடது முன் மூலை மட்டும் ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கிறது. ஒரு மாதம் ஓடி ரபர் படிந்த பிறகு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், அதற்குக் காசு வேண்டாமாம். வருகிற சனிக்கிழமை போகிறேன்.