வெளிக் கீபோர்டு, மவுஸ் வேலை செய்யவில்லையா? டிரைவரை அழிப்பதா, பவரை வடிப்பதா?

லேப்டாப்பில் யூஎஸ்பி கீபோர்டைச் செருகினால் 'டிங்' சத்தம்கூட வரவில்லை. மவுஸை மாட்டினால் அம்பு அசையவில்லை. யாரைக் கேட்டாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "டிவைஸ் மேனேஜர்ல யூஎஸ்பியை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணு" என்பது ஒன்று: விண்டோஸின் கருவிப் பட்டியலுக்குப் போய், கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழிப்பது. "சார்ஜரைக் கழட்டிட்டு பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடி" என்பது மற்றது: உள்ளே மிச்சமிருக்கும் பவரை வடிப்பது. இரண்டுமே பலிக்கும். ஆனால் கோளாறு எங்கே என்பதைப் பொறுத்து.

நேற்றுவரை ஓடியது, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நின்றுவிட்டது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிகிறது என்றால் டிரைவர் வழி சரி. அங்கே யூஎஸ்பி ரூட் ஹப்பை (யூஎஸ்பி போர்ட்டுகளின் தலைவாசல்) அழித்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் தானே புதிதாகப் போட்டுக்கொள்ளும். யூஎஸ்பியையே அழித்துவிட்டு அப்புறம் எதை வைத்துக் கிளிக் செய்வது என்ற பயம் பலருக்கு உண்டு. பெரும்பாலான லேப்டாப்களில் உள் கீபோர்டு பழைய பிஎஸ்/2 வழியிலும், டச்பேட் பெரும்பாலும் ஐ2சி வழியிலும், அதாவது யூஎஸ்பி அல்லாத இணைப்புகளில், ஓடுவதால் அவை தப்பிக்கும். டெஸ்க்டாப்பில் இரண்டும் பெரும்பாலும் யூஎஸ்பிதான், அங்கே இந்த விளையாட்டு வேண்டாம்.

'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு', கோட் 43 என்று வந்தால் கதை வேறு. லேப்டாப் "நீ யார்?" என்று கேட்டிருக்கிறது, ஒழுங்கான பதில் வரவில்லை. கேபிள் போயிருக்கலாம், யூஎஸ்பி கன்ட்ரோலர் (போர்ட்டுகளை நிர்வகிக்கும் சிப்) தொங்கிப்போயும் இருக்கலாம். தொங்கியதை எழுப்ப பவரை வடிப்பதுதான் வழி. "பத்து தடவை ஷட்டவுன் பண்ணிப் பார்த்துட்டேன்" என்பார்கள். விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால், ஷட்டவுனின்போது கெர்னலை (விண்டோஸின் மையப் பகுதி) டிஸ்க்கில் சேமித்து மறுபடி அதையே எழுப்புகிறது. பழைய சிக்கலும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட்டில் அப்படி இல்லை. அதற்கும் மசியாவிட்டால் சார்ஜரையும், கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு பட்டனை அமுக்க வேண்டும்.

என் ஓட்டு முதலில் பவருக்கு. எதையும் அழிப்பதில்லை, இரண்டு நிமிஷ வேலை.

அதிலும் தீராவிட்டால், டிரைவரில் கைவைக்கும் முன் பயாஸுக்குப் போங்கள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் செட்டிங்ஸ் திரை; ஆன் செய்ததும் எஃப்2, எஃப்10 அமுக்க வேண்டும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). அங்கே வெளிக் கீபோர்டின் அம்புக்குறிகள் நகர்ந்தால் போர்ட்டும் கீபோர்டும் நலம், குற்றவாளி விண்டோஸ். நகராவிட்டால் டிரைவரோடு மல்லுக்கட்டுவது பெரும்பாலும் வீண். பயாஸுக்குப் பதிலாக விண்டோஸ் ரிகவரி திரையில் (விண்டோஸைப் பழுதுபார்க்கும் திரை) சோதிக்காதீர்கள்: 2025 அக்டோபர் விண்டோஸ் 11 அப்டேட் ஒன்று, அந்தத் திரையில் மட்டும் யூஎஸ்பி கீபோர்டு, மவுஸைச் செயலிழக்க வைத்தது, சில நாளில் மைக்ரோசாஃப்ட் திருத்தம் விட்டது.

இன்னொரு சின்னச் சோதனை. மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம் எரிந்தால் 5 வோல்ட் மின்சாரம் வருகிறது, அவ்வளவுதான். கேப்ஸ் லாக் விளக்கு அப்படியில்லை. கம்ப்யூட்டர் சொன்னால்தான் எரியும். தட்டத் தட்ட அது மாறினால் இரண்டும் பேசிக்கொள்கின்றன என்று அர்த்தம்.

ஒயர்லெஸ் டாங்கிளா (போர்ட்டில் செருகும் சின்ன ரிசீவர்), புளூடூத்தா என்றால், போர்ட் செத்த லேப்டாப்புக்குப் புளூடூத்தான் தற்காலிக வழி. ஆனால் பயாஸில் பெரும்பாலும் அது எடுபடாது. டாங்கிள் விட்டு விட்டு வேலை செய்தால், பக்கத்துப் போர்ட்டில் யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா பாருங்கள். அதன் மின் இரைச்சல், டாங்கிள் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும் என்று இன்டெல் 2012லேயே அறிக்கை வெளியிட்டது. மறுபக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போடுங்கள்.

எதற்கும் அசையவில்லை, போர்ட்டுக்குள் பிளாஸ்டிக் நாக்கும் வளைந்திருக்கிறது என்றால் சர்வீஸ்தான். கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: அந்தப் போர்ட் தனிச் சின்ன போர்டில் இருக்கிறதா, மதர்போர்டிலேயே சால்டர் செய்ததா? முதலாவதென்றால் அந்தப் போர்டை மட்டும் மாற்றினால் போதும், செலவும் குறைவு.