க்ரெடிட்ஸை முழுங்குற ஆப்பும் எங்க ஆஸ்கர் சண்டையும்

எங்க குரூப்ல நாலு பேர். 2025 ஆஸ்கர் முடிஞ்சு எவ்வளவோ நாளாச்சு, சண்டை மட்டும் தீரல. சிறந்த நடிகை விருத அனோரா படத்துக்காக மைக்கி மேடிசனுக்கு குடுத்தது சரியா, இல்ல தி சப்ஸ்டன்ஸ் படத்துக்காக டெமி மூருக்கு போயிருக்கணுமா? சரி, எல்லா படத்தையும் ஒழுங்கா பாத்துட்டு அடிச்சுக்கலாம்னு அவார்டு படங்களுக்குன்னே தனி வரிசை வச்சிருக்கற ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்புக்கு சந்தா கட்டினேன். பேர் வேணாம், கஸ்டமர் கேர்ல இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது.

முதல்ல நல்லத சொல்லிடறேன். வரிசை நெஜமாவே நல்லா அடுக்கியிருக்காங்க, ஜெயிச்சது மட்டும் இல்லாம நாமினேஷனோட நின்னுபோனதும் இருக்கு, ஒரு நடிகர தொட்டா அவரோட பழைய படங்களும் வருது. பத்து செகண்ட் பின்னாடி போற பட்டன் டக்குனு வேலை செய்யுது, நடிப்ப பத்தி சண்டை போடறவனுக்கு அதுதான் ஆயுதம். தி சப்ஸ்டன்ஸ்ல டெமி மூர் வெளிய கிளம்பறதுக்கு முன்னாடி கண்ணாடி முன்னாடி நிக்கற சீன அப்படித்தான் ஆறு தடவ பாத்தேன். கிளம்புவாங்க, திரும்பி வருவாங்க, மேக்கப்ப மாத்துவாங்க, மறுபடி போய் மறுபடி வருவாங்க, கடைசில லிப்ஸ்டிக்க முகம் முழுக்க தேச்சு அழிப்பாங்க பாருங்க, அந்தக் கையில இருக்கற கோவம் வேற யார் மேலயும் இல்ல. வசனமே கிடையாது. அறுபது வயச ஒட்டி இப்படி ஒரு வேஷம், கோல்டன் குளோபும் ஹாலிவுட் நடிகர் சங்கம் குடுத்த சாக் அவார்டும் வாங்கிட்டாங்க, ஆஸ்கரும் இவங்களுக்குத்தான்னு குரூப்ல ஒருத்தன் இன்னும் ஒத்தக் கால்ல நிக்கறான். அவன் சொல்றதுல நியாயம் இருக்கு.

இப்ப குறைக்கு வரேன். அனோரால ரஷ்யனும் ஆர்மீனியனும் நிறைய பேசுவாங்க. அங்கெல்லாம் சப்டைட்டில்ல என்ன வருதுன்னு நினைக்கறீங்க? "ரஷ்ய மொழியில் பேசுகிறார்". யோவ், அது எனக்கு காதுலயே கேக்குதே! யூரா போரிசோவ் அந்தப் படத்துல பேசறதே கொஞ்சம், முக்காவாசி நேரம் ஓரமா நின்னு பாத்துட்டே இருப்பார், அதுக்கே துணை நடிகர் நாமினேஷன் வாங்கினவர், அவர் பேசற கொஞ்சத்தையும் இப்படி முழுங்கினா எப்படி. சப்டைட்டில் லிஸ்ட்ல அதே ஆங்கிலம் ரெண்டாவது தடவ இருக்கும், அத மாத்தி வச்சா சரியா வருது. இத கண்டுபிடிக்க எனக்கு அரை படம் ஓடிடுச்சு.

அதவிட பெரிய கொடுமை கடைசில. (பாக்காதவங்க இந்த பாராவ தாண்டிடுங்க.) கடைசி சீன், கார்க்குள்ள ரெண்டு பேர், வெளிய பனி, படம் முழுக்க வாயாடிட்டு இருந்த பொண்ணு அப்படியே உடைஞ்சு அழும். மியூசிக் இல்ல. வைப்பர் சத்தம் மட்டும். திரை இருண்டு பேர் ஓட ஆரம்பிச்ச அப்புறமும் அந்த வைப்பர் சத்தம்தான் ஓடும், அந்த அழுகைலேர்ந்து நம்மள எழுந்து போக விடாம உக்கார வைக்கறதே அதுதான். நம்ம ஆப் என்ன பண்ணுச்சு? திரை இருண்ட அடுத்த செகண்டே படத்த மூலைல தீப்பெட்டி சைஸுக்கு சுருக்கிட்டு, ஏதோ சண்டைப் பட டிரெய்லர முழு வால்யூம்ல போட்டுடுச்சு. ரிமோட்ட தூக்கி எறியாதது என் பொறுமை. செட்டிங்ஸ்ல ஆட்டோபிளேனு இருக்கும், மொத வேலையா அத ஆஃப் பண்ணுங்க.

தி ப்ரூட்டலிஸ்ட் கதை இன்னும் காமெடி. 215 நிமிஷப் படம், அதுல 15 நிமிஷ இடைவேளை படத்துக்குள்ளயே இருக்கு, ஒரு கல்யாண போட்டோவும் குறைஞ்சுட்டே வர்ற கடிகாரமும் ஓடும். கடிகாரம் ஓடிட்டு இருக்கும்போதே ஆப் நிறுத்திட்டு கேக்குது, "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" நான் பாத்துட்டுதான் இருக்கேன் சாமி. இதுக்கு சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கின ஏட்ரியன் ப்ராடி மேடைல பேசி முடிக்கறதுக்கே அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆச்சு, நீ பதினஞ்சு நிமிஷம் பொறுக்க மாட்டியா.

சேந்து பாக்கற வசதி ஒண்ணு இருக்கு, அத தொடாதீங்க. ஆளாளுக்கு நாலஞ்சு செகண்ட் முன்ன பின்ன ஓடுது. ஐ யம் ஸ்டில் ஹியர் படத்துல, அப்பாவ ராணுவம் கூட்டிட்டுப் போன குடும்பத்த போட்டோ எடுக்கறவங்க சோகமா நில்லுங்கன்னு கேக்க, அம்மாவா வர்ற ஃபெர்னாண்டா டோரஸ் (இவங்களும் அதே சிறந்த நடிகை நாமினேஷன்ல இருந்தவங்க) பிள்ளைங்கள சிரிக்க சொல்ற எடம் எனக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தன் மைக்ல "ஐயோ"ன்னுட்டான். போச்சு. இதுல அவங்க வயசான வேஷத்துல வர்றது அவங்க சொந்த அம்மா ஃபெர்னாண்டா மான்டனெக்ரோ, அவங்களும் 1999ல சிறந்த நடிகை ஆஸ்கருக்கு நாமினேட் ஆனவங்க. அத நான் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம்னு இருந்தேன், அதையும் அவனே சொல்லிட்டான்.

படத் தரம் பரவால்ல, இருட்டு சீன்ல மட்டும் கட்டம் கட்டமா உடையுது. மொத்தத்துல அஞ்சுக்கு மூணு, அதுவும் அந்த வரிசைக்காக.

டெமி மூர் கட்சிக்காரன ஆட்டோபிளே ஆஃப் பண்ணிட்டு அனோரா கடைசி பத்து நிமிஷத்த மறுபடி பாக்க சொன்னேன். அவனும் மொத தடவ டிரெய்லரோடதான் பாத்திருக்கான். ராத்திரி ஒரு மணிக்கு மெசேஜ் வந்துச்சு: "வைப்பர் சத்தம் இன்னும் கேக்குதுடா. ஆனா கண்ணாடி சீன விட மாட்டேன்."