மாத்தேயா, குவாயூசாவா?

மாத்தே, குவாயூசா இரண்டுமே தேநீர் போலக் குடிக்கும் பானங்கள்; ஐலெக்ஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த இரண்டு தென் அமெரிக்க மரங்களின் இலைகளில் தயாராகின்றன. தேயிலையோடு உறவு இல்லை, ஆனால் இரண்டிலும் காஃபின் உண்டு. தூக்கம் கலைய வேண்டும், அவ்வளவுதான் என்றால் எதை வாங்கினாலும் சரி.

மாத்தே நன்றாகவே கசக்கும். விறகுப் புகையில் உலர்த்திய வகை என்றால் புகை வாசனையும் சேரும். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் சுரைக்குடுக்கையில் பாதிக்கு மேல் இலையை நிரப்பி, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சுவார்கள். ஒருவர் குடித்து முடித்ததும் அதே குடுக்கை, அதே குழல் அடுத்தவருக்குப் போகும். கொதிக்கும் நீர் கூடாது; 70 முதல் 80 டிகிரி போதும். அதையும் கொஞ்சம் ஆறவிட்டே குடியுங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சொன்னது. பராகுவேயின் 'தெரெரே'வில் இந்தக் கவலையே இல்லை: மாத்தேயில் மூலிகை சேர்த்துக் குளிர்ந்த நீரில் குடிக்கிறார்கள். 2020-இல் அந்த வழக்கம் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறியது.

குவாயூசா பெரும்பாலும் ஈக்வடாரின் அமேசான் காட்டில் விளைகிறது. அங்கே கிச்வா பழங்குடிக் குடும்பங்கள் விடியும் முன்பே எழுந்து, பானையில் இலையைக் கொதிக்க வைத்து, சுற்றி உட்கார்ந்து குடித்தபடியே முந்தைய இரவின் கனவுகளைச் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. கசப்பு குறைவு, லேசான இனிப்பு. கூடுதலாகக் கொதித்தாலும் கெடாது.

முதல்முறை குடிப்பவருக்கு, அதுவும் சர்க்கரை இல்லாமல் என்றால், தயங்காமல் குவாயூசாவைத்தான் சொல்வேன். கடுங்காப்பிக்குப் பழகிய நாக்கு என்றால் மாத்தே. இரவில் மட்டும் இரண்டும் வேண்டாம்.